மைதீன் பிச்சையின் இடது செருப்பு

அந்த வெள்ளிக்கிழமை நாஜியாவுக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது. முதல் ஆள் ஜோயல் சார். மேசை மேல் அவள் விரித்து வைத்திருந்த துணியைக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா இது இல்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எது இல்லை, எது என்றால் சரி என்று ஒரு வார்த்தை கிடையாது.

கிருஷ்ணன்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அவள் டிசைன் முதலாமாண்டு படித்தாள். இருபரிமாணம் என்று ஒரு பாடம். தாளிலும் துணியிலும் தட்டையாகச் செய்கிற வேலைதானே, இதிலென்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் போய் உட்கார்ந்தாள். ஒரே ஒரு வடிவத்தைக் கையால் செதுக்கி அச்சாக்க வேண்டும். அதை ஒரு சதுரத் துணியில் திரும்பத் திரும்பப் பதிக்க வேண்டும். பதித்த வடிவம் மட்டும் தெரிந்தால் போதாது, நடுவில் விட்ட வெற்றிடமும் இன்னொரு வடிவமாகத் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. திங்கட்கிழமை வெளியிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து மார்க் போடுவார்கள்.

வெண்டைக்காயை வெட்டி அச்சு வைத்தாள். "எல்கேஜியில செஞ்சதா?" என்றார் சார். உருளைக்கிழங்கைச் செதுக்கினாள், அழகாகத்தான் வந்தது, மறுநாள் காலையில் கிழங்கு சுருங்கிக் கிழவன் முகம் மாதிரி ஆகிவிட்டது. நூலை மையில் நனைத்து மடித்த தாளுக்குள் வைத்து இழுத்தாள். வகுப்பே வாயைப் பிளந்தது, ஆனால் அதே கோடு இரண்டாம் முறை வரவே மாட்டேன் என்றது. தெர்மாகோலை வெட்டினால் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இத்தனைக்கும் மேலே வீட்டு நிலவரம் வேறு. அவள் அத்தா பீர் முகமதுவுக்கு ராஜபாளையத்தில் மெத்தைக் கடை. கீழே கடை, மேலே வீடு. பஞ்சு அடிக்கிற நாட்களில் வீட்டில் ஈரமாக எதைக் காயப் போட்டாலும் அதற்கு மீசை முளைத்துவிடும். அவளுடைய நல்ல அச்சுகள் இரண்டு அப்படித்தான் மீசையோடு குப்பைக்குப் போயின.

"லினோ ஷீட்டுன்னு ஒண்ணு இருக்காம்ட்டி. அதுல செதுக்குனா வெண்ணெய் மாதிரி வருமாம்," என்றாள் மாரிச்செல்வி, கல்லூரி பஸ்ஸில். அவள் வகுப்புத் தோழி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அதை நம்பி நாஜியாவும் அவளோடு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கினாள். தேரடிப் பக்கம் ஒவ்வொரு ஸ்டேஷனரிக் கடையாக ஏறி இறங்கினார்கள். ஒரு கடைக்காரர் லினோவா என்று கேட்டுவிட்டு ஒரு பேனா பாக்கெட்டை எடுத்து நீட்டினார். இன்னொருவர் தரையில் ஒட்டுகிற பிளாஸ்டிக் விரிப்பை உருட்டிக்கொண்டு வந்தார். மூன்றாவது கடையில் இருந்த அம்மா, "எந்த காலேஜு? அங்க படிக்கப் போறீங்களா, விளையாடப் போறீங்களா?" என்று விசாரித்தாள்.

"போதும், நான் வீட்டுக்குப் போறேன்," என்றாள் நாஜியா.

"ஏட்டி, இரு. ரப்பர் செருப்பு இருக்கா வீட்டுல? பழசு? அதோட அடிப்பக்கத்த வெட்டிப் பாரு. நான் செஞ்சு பாத்தேன். நல்லாத்தான் வருது."

"இத முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"நீ கேக்கவே இல்லயே," என்றாள் மாரிச்செல்வி.

வீட்டிலே அன்றைக்கு யாருக்கும் அவள் பேச்சைக் கேட்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா சனாவைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறார்கள். அம்மா நூர்னிசா அலமாரியைக் காலி பண்ணி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். பாத்திரக்கடை வைத்திருக்கிற மைதீன் பிச்சையின் மகன் முஹம்மது அனஸ்தான் மாப்பிள்ளை. சனா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். வேலை விட்டு வந்தவளை உட்கார வைத்து அம்மா ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாள்: தலை குனிந்து வரணும், கேட்டதற்கு மட்டும் பதில், வேலை விஷயம் எதுவும் எடுக்கக் கூடாது. "ரத்தம், சிறுநீருன்னு அங்க பேசி வைக்காத."

"வேற என்ன பேசச் சொல்லுதிய? நான் பாக்கது அதத்தான?" என்றாள் சனா.

நாஜியாவுக்கும் உத்தரவு வந்தது. ஞாயிறு காலை முழுக்க மொட்டை மாடி அறையைவிட்டு இறங்கக் கூடாது. மை கொட்டக் கூடாது. பெயிண்ட் நாற்றம் கீழே வரக் கூடாது. முடிந்தால் மூச்சும் விடக் கூடாது என்று அம்மா சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை அத்தா கடைப் படியைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார். "அத்தா, உங்க பழைய ரப்பர் செருப்ப எடுத்துக்கிடட்டா? படிப்புக்கு."

செருப்புக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அத்தா கேட்கவில்லை. இந்த ஒரு வருஷத்தில் அப்படிக் கேட்பதை அவர் நிறுத்தியிருந்தார். "மாடிப்படிக்குக் கீழ நீலச் செருப்பு கிடக்கும், எடுத்துக்கோ," என்றார்.

அவள் குளித்துவிட்டு, துணியை விரித்து ஊசி குத்தி, மையைக் கலக்கி வைத்துவிட்டுக் கீழே வந்தபோது நேரமாகிவிட்டது. விருந்தாளிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தில் பேச்சுச் சத்தம். படிக்குக் கீழே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அதில் நீலம் ஒரே ஒரு ஜோடி. எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஓடினாள்.

பட்டை அகலமாக இருந்தது. அத்தா எப்போது இப்படி ஒன்று வாங்கினார் என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. தோன்றியதை உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. இடது செருப்பின் பட்டைகளைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மேல் ரப்பரைப் பிளேடால் கீறினாள். அடேயப்பா, என்ன ரப்பர் அது! பஞ்சு போல மெத்தென்றும் இருந்தது, பிசிறில்லாமலும் வெட்டுப்பட்டது. பிளேடு போன இடமெல்லாம் கோடு சுத்தமாக நின்றது. மாங்கொட்டை மாதிரி ஒரு வடிவம் வெட்டினாள். ஒரு முனை கூர், மறுமுனை உருண்டை. மரக்கட்டையில் ஒட்டி, மையில் தொட்டு, துணியில் வைத்து அழுத்தினாள்.

திருப்பி வைத்தாள். மறுபடி திருப்பினாள். நான்கு கூர்முனைகளும் ஒரு புள்ளியை நோக்கிக் கூடியபோது, அவற்றுக்கு வெளியே நான்கு உருண்டைகளின் இடையில் வெள்ளையாக ஒரு நட்சத்திரம் நின்றது. அவள் அதை வரையவில்லை, வெட்டவில்லை, அது தானாக அங்கே இருந்தது. இத்தனை வாரமும் ஜோயல் சார் 'இது இல்ல' என்று சொன்னது எதை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்த கையோடு, இதை அவர் முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கலாமே என்று கோபமும் வந்தது. ஒரு வரிசை முடித்தாள். இரண்டாவது வரிசை முடித்தாள். பாதித் துணி நிறைந்தபோதுதான் கீழே சத்தம் மாறியதைக் கவனித்தாள்.

"இங்கதான விட்டேன்? படிக்குக் கீழதான விட்டேன்?" கனத்த ஆண்குரல்.

"இருங்க மச்சான், இருங்க, பாப்போம்." இது அத்தா.

"நீலக் கலர். பட்டை வச்சது."

நாஜியாவின் கையிலிருந்த அச்சு துணிக்கு இரண்டு அங்குலம் மேலே அந்தரத்தில் நின்றது.

அவள் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள். தெருவில் எல்லோரும் இறங்கி நின்றார்கள். நடுவில் வெள்ளைச் சட்டையும் கைலியுமாக, வெறுங்காலோடு மைதீன் பிச்சை. அத்தா பக்கத்து வீட்டு வாசல், சாக்கடை ஓரம், கடைப் பலகைக்குக் கீழே என்று குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னாள்:

"நாய்தான் தூக்கிருக்கும். பக்கத்து வீட்டுல ஒண்ணு வளக்காக. எப்பப் பாரு செருப்புதான் அதுக்கு."

"ரெண்டு செருப்பையுமா? ஒரே வாயிலயா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்துக் கேட்டார்.

"ஒண்ணக் கொண்டு போட்டுட்டுப் பொறவு வந்து இன்னொண்ண எடுத்திருக்கும்," என்றாள் நூர்னிசா. பொய்யை ஆரம்பித்தாயிற்று, இனி பாதியில் விட முடியாது.

பக்கத்து வீட்டுக் கேட் திறந்தது. மில்லில் மேஸ்திரி வேலை பார்க்கிற ஜெயபாண்டி வெளியே வந்தார். கையில் சங்கிலி, சங்கிலியின் முனையில் அவருடைய நாய் துரை. அசல் ராஜபாளையம் நாய். உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் ரோஜா நிறம், இடுப்பு வில் மாதிரி. நடுத்தெருவில் நின்று அது எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, யாரும் சரியில்லை என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"யாரு சொன்னது, எங்க துரை செருப்பு தூக்கிச்சுன்னு?"

"அண்ணாச்சி, சும்மா ஒரு பேச்சுக்கு…" என்று இழுத்தார் பீர் முகமது.

"பேச்சுக்கா? பீர் பாய், நீங்க சொல்லுங்க. இது காலையில இருந்து கேட்டத் தாண்டல. கீழ விழுந்த சோத்தக்கூட எடுக்காது இது. இத, வெளியூர் ஆளுக முன்னால வச்சு, செருப்பு தூக்கின்னு சொல்லுதிய!" அவர் குரல் கம்மியது. "உள்ள வந்து தேடுங்க. வாங்க. வீடு பூராத் தேடுங்க."

மேலே நாஜியா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் காரியம் முடிந்தது. விருந்தாளிகள் போய்விடுவார்கள், செருப்பு போனது போனதுதான், துணியை முடித்துவிடலாம், திங்கட்கிழமையும் தப்பித்துவிடலாம். ஆனால் ஜெயபாண்டி அந்த நாயின் கழுத்தைத் தடவித் தடவிக் கொடுத்துக்கொண்டே நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை. சே, எல்லாம் நம் தலையிலேயே வந்து விடிகிறதே என்று தன்னையும் செருப்பையும் மாரிச்செல்வியையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு, வெட்டாத வலது செருப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கையெல்லாம் கருநீல மை. நெற்றியிலும் ஒரு கீற்று.

"மாமா, நாய் இல்ல. நாந்தான். உங்க செருப்ப நான் வெட்டிட்டேன்."

அம்மா அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் கூசியது.

"வெட்டினியா?" என்றார் மைதீன் பிச்சை. "எதுக்கும்மா வெட்டின?"

"ரிப்பீட்டுக்கு, மாமா."

அது யாருக்கும் விளங்கவில்லை. விளங்காததே அவருக்குக் கோபத்தைக் கூட்டியது. "அது சாதாரணச் செருப்பு இல்ல. சுகர்காரனுக்குன்னு மதுரை ஆசுபத்திரியில அளவெடுத்துக் குடுத்தது. எனக்குப் பாதத்துல உணர்ச்சி கம்மி. கல்லு குத்துனாக்கூடத் தெரியாது. அதப் போட்டாத்தான் நான் நடமாடவே முடியும். கல்யாணம் பேச வந்த வீட்டுல கால வெட்டி அனுப்புதியளே!"

நாஜியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு மெத்தென்று இருந்ததற்குக் காரணம் அதுதானா! அத்தா ஓடிப்போய்த் தன் தோல்செருப்பைக் கொண்டு வந்தார். அது மைதீன் பிச்சையின் பாதத்தில் பாதிதான் ஏறியது. அனஸ் ஆட்டோ பிடித்து வருகிறேன் என்றான். ஜெயபாண்டி, இப்போதாவது துரையிடம் மன்னிப்புக் கேட்பார்களா மாட்டார்களா என்றார். அம்மா அழத் தயாரானாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"எல்லாரும் செத்த நேரம் சும்மா இருக்கியளா?"

சனா. தலை குனிந்து வந்து தலை குனிந்து போக வேண்டியவள், பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள். "அவிய சுகர்காரவிய. வெயில்ல வெறுங்காலோட நிக்க வச்சு நாயப் பத்திப் பேசிட்டு இருக்கிய. மாமா, உள்ள வாங்க. அந்தச் சேர்ல உக்காருங்க. கால நீட்டுங்க."

அவர் வந்து உட்கார்ந்தார். சனா தரையில் மண்டியிட்டு, இரண்டு பாதத்தையும் தூக்கிப் பார்த்து, விரலிடுக்குகளை விலக்கிப் பார்த்தாள். "இடது காலுல கொப்புளம் இருக்கே. இது இன்னைக்கி வந்தது இல்ல. எத்தன நாளா இருக்கு?"

"அது… சின்னதுதான்…"

"கடைசியா எப்ப ரத்தம் பாத்திய?"

மைதீன் பிச்சை சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"கேளு தாயி, நல்லாக் கேளு!" என்றார் அவர் மனைவி. "நான் சொன்னா அவியளுக்கு ஏறாது. ரம்ஜானுக்கு முந்திப் பாத்ததுதான்."

சனா கொப்புளத்தைத் துடைத்து மருந்து வைத்தாள். பிறகு தங்கையிடம் திரும்பினாள். "ஏட்டி, நிக்காத. வெட்டத் தெரிஞ்சதுல்ல? இப்ப செஞ்சு குடு."

நாஜியா ஒரு வெள்ளைத் தாளை அவர் இடது பாதத்துக்குக் கீழே வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிலும் வரைந்தாள். கோடு ஓரிடத்திலும் பிசகவில்லை. அத்தாவின் பழைய நீலச் செருப்பை அம்மா விருந்தாளிகள் கண்ணில் படக் கூடாதென்று சாக்குக்குள் திணித்து வைத்திருந்தாள். அதை எடுத்து வந்தார்கள். விரலுக்கு நடுவில் வார் உரசக் கூடாது என்றாள் சனா, அந்த வாரைப் பிடுங்கி எறிந்தார்கள். செருப்பு பாதத்துக்குப் போதாமல் இருந்ததால் ஜோடியின் இன்னொன்றிலிருந்தும் ஒரு துண்டை வெட்டி முன்னால் ஒட்டினாள். கடையிலிருந்து மெத்தைக்கு வைக்கிற ஃபோமில் வரைந்த அளவுக்கு ஒரு தகடு. அதன் மேல் கோடு போட்ட மெத்தைத் துணி. மேலே அகலமாக ஒரு துணிப் பட்டை. பெரிய மெத்தை ஊசியால் அத்தாவே தைத்தார். தைத்து முடிகிற வரைக்கும் மாப்பிள்ளையின் அம்மா சனாவிடம் தன் கழுத்து வலியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். சனா பேச ஆரம்பித்ததும் கைபேசியைப் பையில் போட்ட அனஸ் அதைத் திரும்ப எடுக்கவில்லை என்பதை நாஜியா கவனித்தாள்.

வலது காலில் ஆசுபத்திரிச் செருப்பும், இடது காலில் மெத்தையுமாக மைதீன் பிச்சை எழுந்து நடந்து பார்த்தார். "உருவம்தான் சகிக்கல," என்றார். அதே உர்ரென்ற முகத்தோடு ஆட்டோவில் ஏறிப் போனார்.

அதன் பிறகு அம்மா நாஜியாவிடம் பேசவில்லை. நாய் தூக்கியது என்று சொன்னவளை ஊர் முன்னால் பொய்க்காரி ஆக்கிவிட்டாளாம். உண்மையைச் சொன்னவளுக்கு ஏச்சு, பொய் சொன்னவளுக்குக் கண்ணீர், இது என்ன நியாயம் என்று பொருமிக்கொண்டே நாஜியா மாடியில் உட்கார்ந்து மிச்சத் துணியை அச்சடித்து முடித்தாள். திங்கட்கிழமை ஜோயல் சாரும் வெளியாட்களும் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார்கள். மேல்பாதி கட்டுக்கோப்பாக இருக்கிறது, கீழ்ப்பாதி கோபத்தில் அழுத்தியது மாதிரி இருக்கிறது, இதில் எது நீ என்று கேட்டார் ஒருவர். "ரெண்டும்தான் சார்," என்று வெடுக்கென்று சொன்னாள். சிரித்துக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டார்கள். பாஸாகிவிட்டாள். முதல் இடம் மாரிச்செல்விக்கு.

வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் வந்தது. பேசியது மாப்பிள்ளையின் அம்மா. சனாவைப் பிடித்துவிட்டதாம். பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டுக்காரருக்கு ஒரு எண்ணம், ஆனால் அவரே நேற்றுப் போய் ரத்தம் பார்த்துவிட்டு வந்தாச்சு, அதனால் அந்தப் பேச்சு எடுபடாது என்றாராம். சனா உடனே சரி சொல்லவில்லை. அனஸோடு தானே பேச வேண்டும் என்றாள். நாலைந்து முறை பேசிவிட்டு, "பரவால்ல, கேட்டா யோசிச்சுப் பதில் சொல்லுதாவ," என்றாள். ஆவணியில் நிக்காஹ் என்று முடிவாயிற்று.

ஆனாலும் வீட்டில் நிம்மதி இல்லை. ஜெயபாண்டி பேச்சை நிறுத்திவிட்டார். தண்ணீர் லாரி வந்தால் கூப்பிடுவதில்லை, தெருவில் எதிரே வந்தால் நாயை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். நூர்னிசாவுக்கு அது தாங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் நாஜியாவைப் பார்த்து, அத்தனை நாளைக்குப் பிறகு முதல் வார்த்தையாக, "வா என் கூட," என்றாள்.

ஜெயபாண்டி கேட்டுக்குப் பின்னால் நின்றார். "என்கிட்டச் சொல்ல வேண்டாம் தங்கச்சி. யாரச் சொன்னியளோ அதுட்டச் சொல்லுங்க."

துரை உள்ளே முன்னங்காலை நீட்டிப் படுத்திருந்தது. நூர்னிசாவுக்குச் சின்ன வயதிலிருந்தே நாயென்றால் குலை நடுங்கும். கேட்டை விட்டு ஒரு முழம் தள்ளி நின்றாள். நாஜியாவின் முழங்கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, துரை," என்றாள். துரை ஒரு காதை மட்டும் தூக்கியது. "நீ எடுக்கல. நாந்தான் தெரியாமச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்கிடாத."

நாஜியா உதட்டைக் கடித்துக்கொண்டு தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தாள். அம்மா அவள் முழங்கையைத் திருகினாள்.

"சிரிச்ச, அம்புட்டுதான். ஒரு நாய்ட்ட என்னயப் பேச வச்சிட்டல்ல நீ?"

உள்ளே துரை எழுந்து, சோம்பல் முறித்து, முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி படுத்தது. "ஏத்துக்கிட்டான்," என்றார் ஜெயபாண்டி.